நகப்பூச்சுப் பட்டைகள்: கழற்றும் முறையையும் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே நகங்களை அழகுபடுத்திக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், நெயில் பாலிஷ் ஸ்ட்ரிப் என்று கடைகளில் விற்கப்படும் நகப்பூச்சுப் பட்டைகளுக்கு நிறைய இடம் ஒதுக்கியிருந்தீர்கள். பட்டையை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி ஒட்டுவது, எந்த ஆடைக்கு எந்த வண்ணம் பொருந்தும் என்பதெல்லாம் அதில் தெளிவாகவே இருந்தன. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பொருள் உண்மையில் என்ன, அதை நகத்திலிருந்து எப்படி எடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் கட்டுரையில் விடை இல்லை. இந்தக் குறை கட்டுரையாளருடையது மட்டும் என்று சொல்ல மாட்டேன். நான் வாங்கிய பெட்டிகள் பலவற்றிலும் ஒட்டும் முறைக்கு வரிசையாகப் படங்கள் இருந்தன. கழற்றும் முறைக்கோ, 'மெதுவாக உரித்து எடுக்கவும்' என்ற ஒற்றை வரிதான் இருந்தது. நகங்களுக்குக் கேடு வருவது பெரும்பாலும் அந்த ஒற்றை வரியை நம்புவதால்தான் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் இந்தப் பட்டைகளுக்கு எதிரானவள் அல்ல, விரும்பிப் பயன்படுத்துகிறவள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடக்கை நகங்களுக்கு அழகாகப் பூச்சு இட்டுவிடுவார்கள். இடக்கையில் தூரிகையைப் பிடித்து வலக்கை நகங்களுக்கு இட முனையும்போதுதான் பூச்சு தோலெங்கும் வழிந்து நிற்கும். பட்டையில் அந்தத் தொல்லை இல்லை. கை நடுக்கம் உள்ள முதியவர்களும், கண்பார்வை மங்கியவர்களும் பிறர் துணை அதிகம் இல்லாமலேயே ஒட்டிக்கொள்ள முடிகிறது. தூரிகையால் வரைய முடியாத நுண்ணிய கோலங்களும் வண்ணக் கலவைகளும் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, காயும்வரை பத்து விரல்களையும் விரித்து வைத்துக்கொண்டு எந்த வேலையையும் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கடைசி வசதிக்குக் காரணம் இருக்கிறது. சீசாவில் வரும் நகப்பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோஸ் போன்ற படலம் உண்டாக்கும் பொருளை, எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற எளிதில் ஆவியாகும் கரைப்பான்களில் கரைத்து, நிறமிகளையும் நெகிழ்வு தரும் பொருள்களையும் சேர்த்துச் செய்வதாகும். கரைப்பான் ஆவியாகிப் பறந்த பிறகு மிஞ்சும் படலமே நாம் பார்க்கும் பளபளப்பு. மேற்பரப்பு சில நிமிடங்களில் காய்ந்துவிட்டாலும், அடியில் சிக்கிய கரைப்பான் வெளியேற மணிக்கணக்கில் ஆகும். இரவில் பூச்சு இட்டுக்கொண்டு படுத்தவர்களின் நகங்களில் காலையில் போர்வையின் நெசவு அப்படியே அச்சாகப் பதிந்திருப்பது இதனால்தான். பட்டையைப் பொறுத்தவரை இந்த உலர்தலின் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது; ஆகவே காத்திருப்பும் குறைவு, மூக்கைத் துளைக்கும் நெடியும் குறைவு.

இவ்வளவும் எல்லாப் பட்டைகளுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே அளவிலான பெட்டியில், ஒரே மாதிரி வண்ணப்படத்துடன், மூன்று வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன. முதலாவது, மேலே சொன்ன உண்மையான நகப்பூச்சையே மெல்லிய படலமாக உலர்த்தி, பின்புறம் பசை சேர்த்து எடுத்தது. இதில் சிறிதளவு கரைப்பான் மிச்சம் இருப்பதால்தான் படலம் வளைந்து கொடுக்கிறது. அதனால்தான் காற்றுப் புகாத உறையில் அடைத்து விற்கிறார்கள். உறையைப் பிரித்து மேசைமேல் போட்டு வைத்தால் சில நாள்களில் பட்டை விறைத்து, வளைத்தால் முறிந்துவிடும். இரண்டாவது, வினைல் போன்ற பிளாஸ்டிக் தாளில் வண்ணத்தை அச்சிட்டுப் பசை தடவியது. இது எத்தனை நாள் திறந்து கிடந்தாலும் காயாது; ஆனால் நகத்தின் வளைவுக்கு இணங்கச் சற்றுச் சூடு காட்ட வேண்டும். மூன்றாவது, பாதி இறுகிய நிலையில் வரும் ஜெல் பட்டை. அக்ரிலேட் வகை வேதிப்பொருள்களால் ஆன இந்தப் பட்டையை நகத்தில் ஒட்டிய பிறகு, புற ஊதாக் கதிர் விளக்கிலோ எல்.இ.டி. விளக்கிலோ விரல்களை வைத்து முழுமையாக இறுகச் செய்ய வேண்டும்.

மூன்றையும் பிரித்தறியாமல் வாங்குகிறவருக்கு என்னென்ன நேரும் என்பதை ஊகிப்பது கடினமன்று. முதல் வகையை ஒரு முறை பிரித்துப் பாதியைப் பயன்படுத்திவிட்டு மீதியை அடுத்த மாதத்துக்கு வைத்தவர், அடுத்த மாதம் நொறுங்கும் சக்கையைத்தான் காண்பார். பிளாஸ்டிக் பட்டையின் மேல் ரிமூவர் (நகப்பூச்சு நீக்கி) நனைத்த பஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருப்பவர், அது நகப்பூச்சைப் போலக் கரைந்து வராததைக் கண்டு பொறுமை இழந்து நகத்தைச் சுரண்டத் தொடங்குவார். ஜெல் பட்டையை விளக்கில் காட்டாமலேயே விட்டவருக்கு அது பிசுபிசுப்பு மாறாமல் இருக்கும். பெட்டியைச் சன்னலோரம் வெயிலில் வைத்தவருக்கோ, ஒட்டுவதற்கு முன்பே இறுகிப்போகும். இந்த மூன்றில் எது கையில் இருக்கிறது என்பதைப் பெட்டியின் முகப்பில் ஒரே சொல்லில் அறிவித்துவிடலாம். பின்பக்கத்தில், உருப்பெருக்கி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலிலிருந்து வாங்குகிறவர் அதைத் துப்பறிய வேண்டியதில்லை.

ஒட்டும் முறையைக் கட்டுரையே விவரித்துவிட்டதால் விடுபட்ட சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். நகம் நீரை உறிஞ்சி உப்பும் இயல்புடையது. குளித்த கையோடு, அல்லது பாத்திரம் கழுவி முடித்தவுடன் பட்டையை ஒட்டினால், நகம் உலர்ந்து பழைய அளவுக்குச் சுருங்கும்போது பட்டையின் பிடி தளர்கிறது. எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைப்பதைப் போலவே ஈரம் முழுக்க உலரவிடுவதும் முக்கியம். பட்டையின் அகலம் நகத்தை விட ஒரு மயிரிழை குறைவாக இருக்கலாம். அதிகமாக மட்டும் இருக்கக் கூடாது. தோலின்மேல் ஏறிய ஓரம் ஒட்டாது. அங்கிருந்துதான் பட்டை பெயரத் தொடங்கும். தலை வாரும்போது முடி போய்ச் சிக்கிக்கொள்வதும் அந்த இடத்தில்தான்.

கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் மட்டும் பட்டை ஏன் சுருக்கம் விழுகிறது என்று பலர் கேட்கிறார்கள். நகம் பக்கவாட்டிலும் வளைந்திருக்கிறது, நீளவாட்டிலும் வளைந்திருக்கிறது. தட்டையான தாளை இப்படி இரு திசைகளிலும் வளைந்த பரப்பில் மடிப்பு இல்லாமல் போர்த்த முடியாது. பட்டை சற்றே நீண்டு கொடுத்தால்தான் படியும். உள்ளங்கைகளுக்கு நடுவே சிறிது நேரம் வைத்துச் சூடேற்றி, நகத்தின் நடுவில் முதலில் அழுத்தி, பிறகு ஓரங்களை நோக்கி நீவிவிட்டால் பெரும்பாலான மடிப்புகள் மறைந்துவிடும். நுனியில் மிஞ்சும் பகுதியைக் கத்தரியால் வெட்டாமல், நகத்தின் விளிம்பில் மடித்து, அரத்தால் மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுத்து எடுக்க வேண்டும். ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் தேய்த்தால் படலம் விளிம்பிலிருந்து தூக்கிக்கொள்ளும்.

இனி, கழற்றும் முறைக்கு வருகிறேன். நகத்தட்டு என்பது கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த இறந்த செல்கள் தகடு தகடாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவானது. கைவிரலில் அதன் மொத்தத் தடிமனே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். நன்றாகப் பிடித்திருக்கும் பட்டையை நுனியைப் பற்றி மேல்நோக்கி இழுக்கும்போது, பசைக்கும் பட்டைக்கும் இடையில் பிடி விடுவதற்கு முன்பே நகத்தின் மேலடுக்குகள் பிடியை விட்டுவிடுகின்றன. உரித்தெடுத்த பட்டையைத் திருப்பிப் பார்த்தால் பசையின்மேல் வெண்மையான, மாவு போன்ற செதில்கள் ஒட்டியிருப்பதைக் காணலாம். அது பசையின் எச்சம் என்று நினைத்துத் தட்டிவிடுகிறோம். அது நம் நகமே. அடுத்த நாள் நகத்தின்மேல் கரடுமுரடான வெள்ளைத் திட்டுகள் தெரியும். நுனி அடுக்கடுக்காகப் பிளக்கும். வெந்நீர் பட்டால்கூடக் கூசும். அதை மறைப்பதற்காகவே மறுநாள் புதிய பட்டை ஒட்டப்படுகிறது. மெலிந்த நகத்திலிருந்து அடுத்த முறை உரிக்கும்போது இன்னும் கொஞ்சம் போகிறது.

இப்படிப் போனதற்கு எந்த எண்ணெயும் மருந்தும் உடனடி ஈடு ஆகாது. நகத்தட்டு இறந்த பொருள் என்பதால் அது காயத்தைப் போல ஆறுவதில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பகுதியிலிருந்து புது நகம் வளர்ந்து, பழையதை முன்னே தள்ளி, வெட்டி எறியப்படும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழுவதும் புதிதாக 6 மாதங்கள் வரை ஆகும். கால்நகங்கள் இன்னும் மெதுவாக வளர்பவை. பெருவிரல் நகம் முழுமையாக மாற 12 முதல் 18 மாதங்கள் வரை ஆகும். ஒரு நிமிட அவசரத்துக்கு இது பெரிய விலை.

சரியாகக் கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தையன்று. உண்மையான நகப்பூச்சால் ஆன பட்டை என்றால் உரிக்கவே வேண்டாம்; ரிமூவர் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து, அசைக்காமல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் படலம் கரைந்துவிடும், பிறகு நுனியை நோக்கித் துடைத்தால் போதும். மினுமினுப்புத் துகள்கள் கலந்தது என்றால் பஞ்சின்மேல் அலுமினியத் தாளைச் சுற்றிச் சில நிமிடங்கள் கூடுதலாக விட வேண்டும். ரிமூவர்கள் பலவற்றில் இருக்கும் அசிட்டோன் எளிதில் தீப்பற்றக் கூடியது என்பதால் அடுப்பருகிலோ விளக்கருகிலோ இதைச் செய்யக் கூடாது. பிளாஸ்டிக் பட்டை என்றால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் விரல்களைச் சிறிது நேரம் ஊறவைத்து, ஓரங்களில் எண்ணெய் விட்டு, பசை இளகிய பின் ஒரு பக்கவாட்டு ஓரத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாழ்வாகச் சுருட்டிக்கொண்டே வர வேண்டும். ஜெல் பட்டைக்கு, தட்டையான மரக்குச்சியை ரிமூவரிலோ எண்ணெயிலோ நனைத்துப் பக்க ஓரத்தில் மெல்ல நுழைத்து, பிடி விட்ட அளவுக்கு மட்டுமே குச்சியை முன்னே நகர்த்த வேண்டும். எங்கே தடுக்கிறதோ அங்கே நிறுத்தி மறுபடியும் நனைக்க வேண்டும். மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: வலித்தாலோ, இழுபட்டாலோ, மேற்கொண்டு இழுக்கக் கூடாது. இவ்வளவையும் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் தாராளமாக அச்சிடலாம்.

இதையொட்டி, நகத்துக்கு அவ்வப்போது மூச்சுவிட ஓய்வு தர வேண்டும் என்று அழகுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுவதைப் பற்றியும் ஒரு சொல். நகம் மூச்சு விடுவதில்லை. அதை உண்டாக்கும் வேர்ப்பகுதிக்குத் தேவையான ஆக்சிஜனும் ஊட்டமும் இரத்தத்தின் வழியே வருகின்றன. ஆனாலும் ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் சில நாள் நகத்தை வெறுமையாக விடுவது நல்லதே, காரணம்தான் வேறு. மூடியே இருக்கும் நகத்தில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஓரம் பெயர்ந்த பட்டைக்கு அடியில் ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகவோ கரும்பச்சையாகவோ மாறக்கூடும். பூஞ்சைத் தொற்றால் நகம் மஞ்சளாகித் தடிப்பதும் பட்டைக்குக் கீழே மறைந்துவிடும். நகத்தில் நீளவாட்டில் புதிதாகத் தோன்றும் கருமையான கோடு சில வேளைகளில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். பெரும்பாலான கோடுகள் அப்படிப்பட்டவை அல்ல என்றாலும், தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது அது. மாதக்கணக்கில் பட்டைக்கு மேல் பட்டை ஒட்டுகிறவர் இவற்றைக் காலத்தில் காண மாட்டார்.

ஜெல் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுவதும் இறுகாத அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் பொருள்கள் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகிறது. ஒருமுறை உண்டானால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2012-ஆம் ஆண்டின் கவனத்துக்குரிய ஒவ்வாமைப் பொருளாக அக்ரிலேட்டுகளையே அறிவித்தது. விரல்நுனிகள் சிவந்து வெடிப்பதோடு இது நிற்பதில்லை. விரல் தொடும் கண்ணிமையிலும் கழுத்திலும்கூட அரிப்பும் வீக்கமும் வரும். பல் அடைப்பிலும் எலும்பு மூட்டுச் சிகிச்சையில் பயன்படும் சிமென்ட்டிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் இருப்பதால், நகத்துக்காக வாங்கிய ஒவ்வாமை பின்னாளில் பல் மருத்துவரின் நாற்காலியில் தொல்லை தரலாம். ஹெமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மெத்தாக்ரிலேட்டை, 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நகப் பொருள்களில் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கிறார்கள். ஜெல்லை இறுகச் செய்ய உதவும் டி.பி.ஓ. என்ற பொருளை அழகுசாதனங்களில் சேர்ப்பதை அதே ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் முற்றிலும் தடை செய்திருக்கிறது. வீட்டில் ஒட்டுவதற்கென்றே விற்கப்படும் பட்டையில் இவை உண்டா இல்லையா என்று முகப்பிலேயே அறிந்துகொள்ளும் உரிமை வாங்குகிறவருக்கு இருக்க வேண்டும்.

பட்டை வடிவில் வரும் ஜெல், சீசாவில் வரும் ஜெல்லைப் போலத் தோலில் வழிவதில்லை என்பது உண்மையில் ஒரு நன்மையே. ஆனால் அளவு பெரிய பட்டை தோலின்மேல் ஏறினாலோ, பட்டைக்குப் பொருந்தாத விளக்கில் அரைகுறையாக இறுகினாலோ அந்த நன்மை போய்விடும். விளக்கைப் பொறுத்தவரை, எல்.இ.டி. என்று எழுதியிருந்தாலும் அதிலிருந்து வருவதும் பெரும்பாலும் புற ஊதா-ஏ கதிரே. நகம் உலர்த்தும் விளக்கின் கதிர் மனித, எலிச் செல்களின் மரபணுப் பொருளைச் சேதப்படுத்தியதாக 2023-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் கண்டது அது. விளக்கைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் நோய் வரும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. விரல்நுனி மட்டும் வெளியே தெரியும் கையுறை அணிந்துகொள்ளுங்கள், அல்லது சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளுங்கள் என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இந்த எச்சரிக்கை உணர்வால்தான். சிறுவர் சிறுமியருக்கு ஜெல் பட்டையே வேண்டாம் என்பது என் கருத்து. நகம் கடிக்கும் குழந்தைக்கு எந்தப் பட்டையும் வேண்டாம்.

மருத்துவமனைக்குச் செல்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே ஊடுருவச் செய்துதான் கணக்கிடுகிறது. அடர்ந்த நிறப் பூச்சு அந்த அளவீட்டைப் பிறழச் செய்யக்கூடும். நகம் நீலம் பாரிக்கிறதா என்று மருத்துவர் கண்ணால் பார்ப்பதற்கும் அது தடை. சாதாரணப் பூச்சை அந்த இடத்திலேயே துடைத்து எடுத்துவிடலாம். ஊறவைத்துக் கழற்ற வேண்டிய பட்டையை அறுவைக் கூட வாசலில் என்ன செய்வது? திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கோ பேறுகாலத்துக்கோ செல்பவர்கள் முந்தைய நாளே நிதானமாகக் கழற்றிவிடுவது நல்லது. நோயாளிகளைத் தொட்டுப் பணிபுரிவோர் செயற்கை நகங்கள் அணியக் கூடாது, இயற்கை நகத்தின் நுனியும் 0.5 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டுக் கைத்தூய்மை வழிகாட்டி பரிந்துரைக்கிறது. பட்டையும் செயற்கை நகமும் ஒன்றா என்று அங்கே வாதிட்டுக்கொண்டிருப்பதில் பொருளில்லை. ஓரம் பெயர்ந்த பட்டை கிருமிகளுக்கு இடம் கொடுக்கும், சமைப்பவரின் கையிலிருந்தோ உணவில் விழும்.

ஆகவே, தயாரிப்பாளர்களிடமும் விற்பனையாளர்களிடமும் நான் எதிர்பார்ப்பது அதிகமில்லை. பூச்சுப் படலமா, பிளாஸ்டிக்கா, ஜெல்லா என்பதைப் பெட்டியின் முகப்பில், வண்ணத்தின் பெயரை அச்சிடும் அதே பருமனான எழுத்தில் அச்சிட வேண்டும். ஒட்டும் முறைக்கு எத்தனை படங்களோ அத்தனை படங்கள் கழற்றும் முறைக்கும் வேண்டும். உறையைப் பிரித்த பிறகு எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், விளக்கு தேவையெனில் எவ்வகை விளக்கு, எத்தனை விநாடி என்பதையும் பெட்டியை வாங்கிப் பிரிப்பதற்கு முன்பே படிக்க முடிய வேண்டும். அழகுசாதனங்களின் பெட்டியில் எது இடம்பெற வேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரிகள், உட்பொருள் பட்டியலோடு மனநிறைவு அடைந்துவிடாமல் இவற்றையும் கட்டாயமாக்கலாம்.

தங்களிடம் கேட்பது இன்னும் எளியது. இணைப்பிதழில் இப்பொருள் பற்றி அடுத்து எழுதும்போது தோல் மருத்துவர் ஒருவரின் விளக்கத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். மூன்று வகைப் பட்டைகளையும் கழற்றும் முறையைப் படங்களோடு, ஒட்டும் முறைக்கு முன்பாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி